மகேஸ்வரி மாற்றாத வீடியோ

எங்கள் கட்டடத்தில் கீழே நான், மேலே மகேஸ்வரி. என்னுடையது ஜெராக்ஸ் கடை, அவளுடையது வீடியோ மாற்றும் கடை. இரண்டு பேருக்கும் பிழைப்பு நகல் எடுப்பதுதான் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் மாடிக்குக் காபி வரவழைக்கும்போது எனக்கு ஒரு கிளாஸ் குறைகிறது.

"உங்களுது காயிதத்து மேல மையத் தடவறதுங்கண்ணா. ஆதார் கார்டுல மூஞ்சி கருப்பாத் தெரிஞ்சாலும் பேங்குக்காரன் வாங்கிக்குவான். என்னுது அப்படீங்களா?" என்று கேட்டாள். ஆதார் கார்டில் யார் முகம்தான் முகமாக இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்புறம், வெற்றிலைக் கட்டும் வாழைத்தாரும் ஆட்கள் தலைமேல் போகிற சந்தில் இருக்கிறோம். அவள் கடைப் பலகையில் 'பழசு புதுசாகும்' என்று எழுதிக்கொண்டு வந்தார் பெயிண்டர். மகேஸ்வரி அவரைத் திருப்பி அனுப்பி, 'பழசு பழசாகவே கிடைக்கும்' என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுத வைத்தாள். வியாபாரம் தெரிந்த எவரும் இப்படி ஒரு பலகை வைக்க மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குக் கூட்டம் வந்தது. வழி கேட்கிறவர்களுக்கெல்லாம் மாடியைக் காட்டிக் காட்டியே எனக்குக் கை நீண்டுவிட்டது.

கல்யாண கேசட், கீறல் விழுந்த டிவிடி, செத்துப்போன கேமராவின் கார்டு, எதைக் கொண்டுவந்தாலும் இன்றைய போனிலும் டிவியிலும் ஓடும்படி அவள் மாற்றித் தருவாள். படம் மட்டும் துளியும் கெடக்கூடாது. அது அவளுடைய கொள்கை, அவளோடு பழகுகிறவர்களுக்குச் சோதனை. "அஞ்சு நிமிஷத்துல மாத்தற ஆப்பு போன்லயே இருக்குதே" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சாம்பார்ப் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"தூக்குல இருக்கற சாம்பாரக் குண்டாவுக்கு மாத்தோணும். அப்படியே ஊத்துனா சாம்பார் சாம்பாராவே இருக்கும், பாத்திரந்தான் வேற. உங்க ஆப்பு என்ன பண்ணுது? தண்ணிய ஊத்தி மறுக்கா காச்சி ஊத்துது. அத இன்னொருத்தன் வாங்கி இன்னொரு சொம்பு தண்ணி ஊத்தறான். கடேசில ரசமும் இல்ல, சாம்பாரும் இல்ல, கை கழுவற தண்ணி. ஊத்துனாப் போதுங்கற எடத்துல நான் ஊத்தறேன். காச்சித்தான் தீரோணும்னா கெட்டியாக் காச்சறேன். அவ்வளவுதானுங்க என்ற தொழிலு." இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு நேராக மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் பலர். நானும் போயிருக்கிறேன்.

அவளுக்குச் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். செல்லக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். அவர் ஃபேக்டரியில் ஷிப்டு வேலைக்காரர், வாய் திறக்காத மனுஷன். திறக்க இடம் கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம். முதலில் மகேஸ்வரி ஒரு ஸ்டுடியோவில் மிக்சிங் வேலை பார்த்தாள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் ரோஜாப்பூவுக்குள் உட்காரவைத்துச் சுற்றிவிடுகிற வேலை அது. டிவிடியில் இடம் பற்றவில்லை என்று முதலாளி ஒரு முகூர்த்தத்தை நசுக்கி அடைத்தாராம். "ஊட்டுக்காரங்க காலத்துக்கும் பாக்கறதுங்க அது, இப்படி மூட்டை கட்டறீங்களே" என்று சண்டை போட்டுவிட்டு அன்றைக்கே வெளியே வந்துவிட்டாள்.

யார் வீட்டுக்குப் போனாலும் அவள் கண் முதலில் டிவிக்குத்தான் போகும். பழைய சதுரப் படத்தை அகல டிவியில் இழுத்துப் பரப்பி வைத்திருந்தால் அவளால் உட்கார முடியாது. படத்தில் இருப்பவர்கள் எல்லாம் இட்லி போல உப்பியிருப்பார்கள். வீட்டுக்காரர்கள் அதைத்தான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டு, 'அத்தை அப்பவே குண்டு' என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மகேஸ்வரி ரிமோட்டை எடுத்துச் சரிசெய்தால் அத்தை ஒரே நொடியில் இளைத்துவிடுவார். இதற்காக அவளை இரண்டு அத்தைகள் கோயிலில் வைத்துக் கும்பிட்டதாகக் கேள்வி. ஆனால் ஒரு துக்க வீட்டில், எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இறந்தவரின் பழைய வீடியோ உப்பலாக ஓடுகிறதே என்று எழுந்து ரிமோட்டைத் தேடினாள் பாருங்கள், அன்றைக்கு செல்லக்கண்ணுகூட வாய் திறந்து, "மகேசு, உக்காரு" என்றார்.

சரிசெய்தால் இன்னொரு வில்லங்கம். சதுரப் படத்தை அகல டிவியில் ஒழுங்காகப் போட்டால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழும். கல்யாண வீடியோவில் கருப்பா? மங்கல காரியத்துக்கு இரண்டு பக்கமும் துக்கத் துணி கட்டின மாதிரி இருக்கிறது என்று நஞ்சம்மா என்ற பூக்காரம்மா படியேறி வந்து சண்டை பிடித்தார். மற்ற கடைக்காரர்கள் இந்தச் சண்டைக்குப் பயந்துதான் படத்தை இழுக்கிறார்கள், இல்லாவிட்டால் மேலும் கீழும் வெட்டி நிரப்புகிறார்கள். மகேஸ்வரி வெட்டவும் மாட்டாள், இழுக்கவும் மாட்டாள். நஞ்சம்மா நகரவும் மாட்டார். கடைசியில் பட்டைகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தாள். நஞ்சம்மா மகள் கல்யாணம் இன்றைக்கும் இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிக்கொண்டு ஜோராக ஓடுகிறது. படத்தைத் தொடாமல் பக்கத்தில் என்ன பூசினாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

மாற்றி முடித்த வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் கையில் கொடுப்பாள். ஓட்டிப் பார்ப்பது, தள்ளிப் பார்ப்பது எல்லாம் கிடையாது. அதனால் மைசூர்க்காரர்களின் கல்யாணம் பாதி அவள் கண்முன் நடந்த மாதிரி. மார்க்கெட்டில் மாம்பழம் பொறுக்கிக்கொண்டிருப்பவரைக் காட்டி, "அவரு தாலி கட்டறப்ப அழுதாருங்கண்ணா" என்பாள். அந்த மனிதருக்கு இவளைத் தெரியவே தெரியாது. இன்னொருவரைக் காட்டி, "ரெண்டு பந்தியிலயும் உக்காந்தாரு" என்பாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கொத்தமல்லி வாங்குவேன்.

இப்படிப்பட்டவளிடம்தான் சிஸ்டர் டோரதி வந்தார்.

டோரதி அக்கா எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் ஆலன் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஜோவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அன்றைக்குத் தாயும் மகளும் என் கடை வாசலில் வந்து நின்றபோது அக்காவின் முகம் சரியில்லை.

"கிரிஸ், மேல இருக்கறவங்க நம்பகமானவங்களா?" என்று கேட்டார்.

"நம்பலாம்க்கா. ஆனா காது வலிக்கும்" என்றேன்.

விஷயம் இதுதான். ஜோவிதா சிறுமியாக முதன்முதலில் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று ஆலன் எழுந்து நின்று விளையாட்டாக ஒரு பிரசங்கம் செய்திருந்தார். 'என் பொண்ணு கல்யாணத்துக்கு எல்லாரும் வந்துரணும். இப்பவே கூப்புட்டாச்சு. அப்புறம் பத்திரிகை வரலன்னு யாரும் மூஞ்சியத் தூக்கக்கூடாது' என்று அதில் சொல்வார். அந்த வீடியோ சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் இருந்தது. அதைக் கல்யாணத்தன்று ஹாலில் பெரிய திரையில் போட வேண்டும், அப்பாவே வந்து எல்லாரையும் கூப்பிட்டது போல இருக்கும் என்று டோரதி அக்காவுக்கு ஆசை. அதைத் தவிர அந்தக் கல்யாணத்தில் அவர் எதற்கும் ஆசைப்படவில்லை. சேலைகூட மகள் எடுத்ததுதான்.

ஆனால் பத்துக் குடும்பக் குரூப் சுற்றி வந்த வீடியோ போனில் தெரிகிற லட்சணம் வேறு, பெரிய திரையில் தெரிகிற லட்சணம் வேறு. ஹாலில் போட்டுப் பார்த்தபோது ஆலன் செங்கல் அடுக்கியது போல நின்றாராம். உடனே அடுத்த தெருவில் 'ஏஐ 4கே' என்று புதிதாகப் பலகை வைத்திருக்கும் பசவராஜிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் அரை நாளில் துலக்கிக் கொடுத்து, "சூப்பராகி பந்திதே மேடம்" என்றிருக்கிறார்.

சூப்பராகத்தான் வந்திருந்தது. மேலே மகேஸ்வரி அதை ஓடவிட, நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கன்னம் சோப்பு விளம்பரம் போல வழவழவென்று மின்ன, ஆலன் வாய் நிறையப் பல்லோடு சிரித்தார்.

எனக்குத் தெரிந்த ஆலனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. வாலிபத்தில் சோடா மூடியைப் பல்லால் திறந்த வீரத்தில் போனது அது. 'ஒரு நர்ஸ் புருஷன் ஓட்டப் பல்லோட திரியறதா' என்று டோரதி அக்கா கட்டின நாளிலிருந்து சொல்லிப் பார்த்தார். 'காத்து வரட்டும் விடு' என்று அந்த மனிதர் கடைசி வரை பல் கட்டவில்லை. மனைவி அத்தனை வருஷம் சொல்லியும் நடக்காததை பசவராஜின் மெஷின் அரை நாளில் நடத்திவிட்டிருந்தது.

"மம்மி, இது டாடி தரா இல்லவே இல்ல" என்றாள் ஜோவிதா. அவளுக்குத் தமிழை விடக் கன்னடம்தான் சரளம், 'தரா' என்றால் மாதிரி.

டோரதி அக்கா திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு கட்டுங்கன்னு நாந்தான் உயிர எடுத்தேன். இப்ப கட்டியிருக்கு. யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கு. இவர ஹால்ல போட்டா நான் எப்படி அங்க உக்காருவேன்?" என்றார்.

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். மகேஸ்வரி அதற்குள் மெஷினைக் கழுவி ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். "தெரியாததத் தெரியலன்னு உட்டுப்போடோணுங்க சிஸ்டர். இது தெரியாத எடத்துல தானா வரையுது. மூஞ்சியே கஞ்சியாப் போன வீடியோவ வெச்சிட்டு நானும் ஒண்ணும் பண்ண முடியாது. காச்சுன தண்ணியில இருந்து பருப்ப எடுக்க முடியுங்களா? மொதல்ல எடுத்தது ஒண்ணு இருக்குமல்ல, அதக் கொண்டாங்க."

அப்போது தொடங்கியது வேட்டை. டோரதி அக்காவின் சொந்தத்தில் எல்லாரும் 'என்கிட்ட ஒரிஜினலே இருக்கு' என்றார்கள். பெங்களூர்ச் சித்தி அனுப்பியது ஒரிஜினல் இல்லை. 'வாட்சப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்று சொன்னதற்கு அவர் கல்யாணப் பத்திரிகையை அனுப்பினார். கோலாரில் இருக்கும் ஸ்வீட்டி என்ற தங்கை மகள் அனுப்பியதற்குக் கீழே யாரோ ஹாப்பி பர்த்டே என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்து, "பேர்லயே வாட்சப்பு முத்திர குத்தியிருக்குதுங்க, இதுவும் பேரன்தான், தாத்தா எங்கயோ இருக்காரு" என்று மகேஸ்வரி தள்ளிவைத்தாள். எல்லாமே ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தன என்பதையும் அவள்தான் கவனித்தாள். ஆலன் கூப்பிட்டு முடித்துக் கையைத் தூக்கும்போதே நின்றுவிடுகிறது.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஆரம்பத்துல 'ஆடாம நில்லுடா'ன்னு ஒரு சத்தம் கேக்குதே. கேமரா புடிச்சவரு போலருக்குது. அது யாருங்க?"

டோரதி அக்கா கைப்பையைத் திறந்து மூடினார். ஜோவிதாதான், "பெரியப்பா" என்றாள்.

ஆலனின் அண்ணன் பிரகாசம். கொள்ளேகாலில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஒரு பழைய கம்ப்யூட்டரோடு தனியாக இருக்கிறார். அன்றைக்கு அவருடைய சின்ன கேமராவில்தான் எடுத்திருக்கிறார். அந்தப் பழைய ஃபைல் போன்களில் ஓடாது என்று யாரோ மாற்றி, பாதியில் வெட்டி, குரூப்பில் போட்டதுதான் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. அவரிடம் கேட்க வேண்டியதுதானே என்றால், அவர் இப்போது இவர்களோடு பேசுவதில்லை.

ஏன் என்று நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு வரன் முடிந்தால் பெரியப்பாவுக்கு முதலில் சொல்ல வேண்டும். நேரில் போய், தட்டு வைத்துச் சொல்ல வேண்டும். அது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். டோரதி அக்கா டியூட்டியில் இருந்தபடியே குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். எல்லாரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். பிரகாசம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குரூப்பை விட்டு வெளியேறினார். அத்தோடு சரி.

"போன்ல கேட்டா அனுப்ப மாட்டாரா?" என்றார் டோரதி அக்கா, ஆசையில்லாமல்.

"போன்ல அனுப்புனா மறுக்கா கஞ்சிதானுங்க சிஸ்டர். நேர்ல போயித்தான் வாங்கோணும்" என்றாள் மகேஸ்வரி. அவள் ஃபைலைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு என்னவோ பங்குச் சாமியார் பேசுவது போல இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் நான்கு பேரும் கொள்ளேகால் பஸ் ஏறினோம். மகேஸ்வரி பென் டிரைவோடும் தன் வாயோடும் வந்தாள். தட்டு தூக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையும் வெற்றிலையும் பழமும் மைசூர் பாகும் என் மடியில். டி. நரசீபுரம் தாண்டும்வரை மகேஸ்வரி அந்த மைசூர் பாகைப் பார்த்த பார்வையில் நான் தட்டைக் கீழே வைக்கவே இல்லை.

பிரகாசம் கதவைத் திறந்தார். என்னையும் மகேஸ்வரியையும் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார். ஜோவிதாவின் தலையைத் தொட்டார். டோரதி அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"பெரிய அத்தான், ஜோவிக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்" என்றார் டோரதி அக்கா.

"தெரியுமே. போன்ல வந்துதே." பிரகாசம் போனை எடுத்து எங்களுக்குக் காட்டினார். அழிக்காமல் வைத்திருந்தார். "பாருங்க. குட்மார்னிங்னு ஒரு ரோஜாப்பூ. அதுக்குக் கீழ ஜோவிதாவுக்கு மாப்பிள பாத்தாச்சு. அதுக்குக் கீழ குக்கர் வாங்குனா கரண்டி இனாம். ரோஜாப்பூவுக்கும் கரண்டிக்கும் நடுவுல என்ற தம்பி பொண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோவிதா என் காலை மிதித்தாள்.

"தப்புதான். நேர்ல வந்திருக்கணும். ஆஸ்பத்திரில நின்னுட்டே போட்டுட்டேன், எல்லாருக்கும் ஒரே டைம்ல தெரியட்டும்னு. இப்ப வந்துருக்கேன் அத்தான்" என்றார் டோரதி அக்கா.

பிரகாசம் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அந்த அமைதி மகேஸ்வரிக்கு ஆகாது. வந்த விஷயத்தை அவள் எடுத்தாள். எடுத்தவள் சாம்பாரையும் எடுத்தாள். ஒரு வீடியோவை மாற்றி மாற்றி அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் செத்துப்போகிறது, ஊரில் இருப்பதெல்லாம் பிணம், உயிரோடு இருப்பது உங்களிடம் இருக்கும் ஒன்றுதான் என்று அவள் சொல்லச் சொல்ல, வாத்தியார் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பேச்சு இவ்வளவு கவனமாகக் கேட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

பிறகு எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். அந்தக் காலத்துப் பெரிய டப்பா, விசிறிச் சத்தம் மாவு மெஷின் போலக் கேட்டது. ஃபைலைத் தேடவே இல்லை, திறந்ததும் முதலில் அதுதான் இருந்தது.

ஆலன் வந்தார். வழவழப்பு இல்லை, செங்கல் இல்லை. கன்னத்தில் சரியாகச் சிரைக்காத இடம் தெரிந்தது. சட்டைப் பையில் குழம்புக் கறை தெரிந்தது. பல் இல்லாத சந்து பளிச்சென்று தெரிந்தது. டோரதி அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஜோவிதா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் கண்ணைத் துடைத்தேன், சொல்வதற்கென்ன.

'பத்திரிகை வரலன்னு யாரும் மூஞ்சியத் தூக்கக்கூடாது' என்று ஆலன் கையைத் தூக்கினார். ஊரில் இருக்கிற வீடியோ எல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. ஆலன் நேராகக் கேமராவிடம் வந்தார். முகம் திரை முழுக்க வந்தது, குரல் தணிந்தது. 'அண்ணா, உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். நான் எங்கயாச்சும் மறந்து நின்னாலும் நீதான் முன்னால நிக்கணும். இப்ப அதக் கீழ வெச்சுட்டு வந்து சாப்புடு' என்றார். அதோடு முடிந்தது.

பிரகாசம் ஏன் குரூப்பை விட்டுப் போனார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பி முதலில் தனக்குத்தான் சொன்னான் என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சாட்சி சொல்ல வேண்டிய துண்டை யாரோ வெட்டிவிட்டுக் குரூப்பில் போட்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது அத்தான். நெஜமா தெரியாது" என்றார் டோரதி அக்கா.

பிரகாசம் மேஜைக்குப் போய்த் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதுவே பதில். அப்பாடா என்று மகேஸ்வரி பென் டிரைவை எடுத்தாள். பிரகாசம் சட்டென்று டப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"இதுல குத்தப்படாது" என்றார்.

"காப்பி பண்ணிக்கறேனுங்க."

"பண்ணுனா செத்துப்போகும்னு இப்பத்தான சொன்னீங்க?"

மகேஸ்வரிக்கு வியர்த்துவிட்டது. மாற்றினால்தான் கெடும், அப்படியே எடுத்தால் கெடாது, அது ஊற்றுவது, இது காய்ச்சுவது என்று விளக்கினாள். வாத்தியார் அசையவில்லை. அவள் பாடத்தில் முதல் பாதி அவருக்கு அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது. "அம்மணி, நீங்க நல்லாச் சொன்னீங்க, நானும் புரிஞ்சிக்கிட்டேன். உசுரோட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அத உங்க கையில குடுத்து நான் பரிச்ச பாக்க மாட்டேன். கல்யாணத்துக்கு நானே எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் மகேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

கல்யாணத்தன்று கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் ஹாலுக்கு வந்த நேரம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. புதுச் சட்டையில் பிரகாசம் இறங்கினார். இடுப்பில் பிள்ளையைத் தூக்கியது போல, பெட்ஷீட் சுற்றிய மூட்டை. அந்த டப்பாவேதான். கொள்ளேகாலிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கீழே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம், 'வைக்க முடியாது, உள்ள ஆள் இருக்காங்க' என்றாராம். கண்டக்டர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லையாம்.

மகேஸ்வரி பட்டுச்சேலையோடு ஓடிவந்தாள். எந்தக் காலத்துக் கம்பியையும் பையில் வைத்திருப்பவள் அவள். அன்றைக்கும் வைத்திருந்தாள். ஒரு முனையை டப்பாவில் செருகினாள், மறுமுனையைத் திரைப் பெட்டியில் செருகினாள். அவ்வளவுதான் வேலை. காலமெல்லாம் மாற்றி மாற்றிப் பிழைத்தவளுக்கு அன்றைக்கு மாற்ற ஒன்றுமே இல்லை.

"டப்பாவ மேடைப் பக்கத்துல தரையில வெச்சிரலாம் சார்" என்றார் ஹால்காரர்.

பிரகாசம் சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் டோரதி அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. காலையிலிருந்து யார் வந்து உட்காரப் போனாலும் அக்கா கைப்பையை வைத்துத் தடுத்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

"தம்பி தரையில உக்கார மாட்டான்" என்றார் பிரகாசம். பெட்ஷீட்டை மடித்து அந்த நாற்காலியில் போட்டு, அதன்மேல் டப்பாவை வைத்தார். கம்பி இழுத்துக்கொண்டு எட்டியும் எட்டாமலும் நின்றது. டோரதி அக்கா எழுந்து தன் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். ஹாலில் இரண்டொருவர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வீடியோ ஓடியது. ஆலன் ஓட்டைப் பல்லோடு எல்லாரையும் கூப்பிட்டார். 'மூஞ்சியத் தூக்கக்கூடாது' என்றபோது ஹால் முழுக்கச் சிரித்தது. 'அண்ணா, உனக்குத்தான் மொதல்ல சொல்றேன்' என்றார். பெங்களூர்ச் சித்தி எழுந்து திரும்பி, பின்வரிசையில் ஒதுங்கி நின்ற பிரகாசத்தைக் கைப்பிடித்து முன்னால் கூட்டிவந்தார்.

பிறகு மாப்பிள்ளையும் ஜோவிதாவும் மேடையிலிருந்து இறங்கிப் பெரியவர்களிடம் வந்தார்கள். பிரகாசம் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டார். அடுத்து டோரதி அக்கா போட்டார். அடுத்த நாற்காலியின் முன்னால் ஜோவிதா நின்றுவிட்டாள். என்ன செய்வது என்று மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் குனிந்து உள்ளங்கையை டப்பாவின்மேல் வைத்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மம்மி, சூடா இருக்கு" என்றாள்.

டோரதி அக்கா தன் கையையும் பக்கத்தில் வைத்தார். முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள், இரண்டாம் பந்திக்கும் கூப்பிட்டார்கள். அவர் கையை எடுக்கவில்லை. மகேஸ்வரியும் அதை அணைக்கப் போகவில்லை.